எழுமை அடுக்குப் பலகாரம்

போன வெள்ளிக்கிழமை எனக்குப் பொறாமை வந்தது, பிள்ளைகளே. பெரியவர்களுக்கும் வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டயர் கடை வேலை முடிந்து, ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலில் அப்போதுதான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். நான்காம் ஆண்டு படிக்கும் என் மகள் தர்ஷினி நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்தாள்.

“அப்பா, எழுமைன்னா என்னப்பா? டீச்சர் கேட்டாங்க.”

நான் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் அவள் கேட்டு நான் ‘தெரியாது’ என்று சொன்னதே இல்லை. “குளிச்சிட்டு வந்து சொல்றேன்” என்றேன். குளியலறையில் எந்த அகராதி இருக்கிறது?

நான் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பாடமே நடத்திக்கொண்டிருந்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் அவர்.

“எழுமைன்னா ஏழும்மா. ஏழு வகை, ஏழு மடங்கு எல்லாத்துக்கும் சொல்லலாம். ஏழு பிறவியையும் அப்படித்தான் சொல்வாங்க. வானவில்லுக்கு எழுமை நிறம்னு எழுது...”

தர்ஷினி கண் கொட்டாமல் அவரையே பார்த்தாள். என்னைப் பார்க்க வேண்டிய பார்வை அது.

அவரும் என்னைப் போல சுங்கை சிப்புட் எஸ்டேட்டில் வளர்ந்தவர்தான். அவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இதெல்லாம்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சர் இன்னோர் எடுத்துக்காட்டும் கேட்டிருந்தார். அதையாவது நான்தான் சொல்ல வேண்டும். மறுநாள் காலைச் சந்தையில் கண்ணில் பட்டது குவே லாப்பிஸ் — சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காய் அவித்த பலகாரம். நீங்கள் அதைக் கடித்தா தின்கிறீர்கள்? ஒவ்வோர் அடுக்காக உரித்துத்தானே? ஏழு அடுக்குதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எண்ணவில்லை.

அந்தோணி அண்ணன் வேன் கழுவும் நேரமாகப் பார்த்து, அவர் காதில் விழும்படி சொன்னேன்: “தர்ஷினி, இங்க பாரு. இதுதான் எழுமை அடுக்கு.”

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். “அப்படியா தம்பி? உரிச்சு எண்ணும்மா, பாப்போம்.”

உரித்தாள். தட்டில் வரிசையாக வைத்தாள். ஐந்து... ஆறு... ஏழு... எட்டு.

ஒன்பது.

“எழுமைக்கு ரெண்டு கூடிப் போச்சு லா” என்று சிரித்தார் அண்ணன். என் காது இரண்டும் சுட்டன.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். சட்டென்று இரண்டு அடுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“இப்ப சரியா இருக்குப்பா” என்றாள் மென்றுகொண்டே. “ஏழு.”

எனக்குத் தெரியாது என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இருந்தும் என் பக்கம்தான் நிற்கிறாள். ‘தெரியாதும்மா, வா சேர்ந்து தேடுவோம்’ என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா?

மீதி ஏழில் அந்தோணி அண்ணனுக்கும் கொடுத்தேன் — ஒரே ஓர் அடுக்கு.