அச்சின் மேல் ஒரு பொட்டு

பின்பக்க அச்சில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தைக் கணேசமூர்த்தி மூன்றாவது முறையாக மாற்றிவிட்டு, பிக்கப்பை மலாக்கா வரை ஓட்டிப் பார்த்து வந்து நிறுத்தியது வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையைத்தான் முதலில் பார்த்தார். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். கியர் எண்ணெய்தான்.

டுரியான் துங்காலில் இருபத்தாறு வருஷமாகப் பட்டறை வைத்திருப்பவர். எஸ்டேட் டிராக்டர்களில் கை பழகியவர். யார் வண்டி ஒழுகினாலும் அவரிடம்தான் வரும். தன் வீட்டு வண்டி ஒழுகுவதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை.

அது அவர் மனைவி பவானேஸ்வரியின் வண்டி. கல்யாண வீடுகளுக்குச் சமைத்து எடுத்துப் போக, நாலு இடம் அலைந்து செகண்ட் ஹேண்டில் அவளே பிடித்தது. மார்ச் மாதம் நெஞ்சு வலிக்கிறதென்று படுத்தவள் எழவில்லை. இப்போது சமையல் வேலையை மகள் தேவிஸ்ரீ எடுத்து நடத்துகிறாள்.

"நடுரோட்ல நின்னுச்சுன்னா அத்தன சாப்பாட்டையும் நான் எங்கப்பா கொண்டுபோய்க் கொட்டுறது? இன்னொரு தடவ ஒழுகட்டும், வித்துடுவோம்" என்று அவள் முடிவாகச் சொல்லியிருந்தாள். தங்கா பத்துவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஹனிபா வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். கணேசமூர்த்தியும் தலையாட்டியிருந்தார்.

வண்டியைப் பார்க்க ஹனிபா அன்றைக்கே வந்துவிட்டார். அட்டையைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன மூர்த்தி, ஊர் வண்டிக்கெல்லாம் நீ டாக்டரு. ஒன் வண்டிக்கு மட்டும் ஒரு மருந்தும் கெடைக்கலியாலா?"

"சீல் புதுசு பாய். ஏன் ஒழுகுதுன்னே தெரியல."

ஹனிபா குனிந்து டார்ச் அடித்தார். "அடியெல்லாம் பளபளன்னு கழுவி வச்சிருக்க. அச்சுக்கு மேல மட்டும் ஏன்யா இவ்ளோ அழுக்கு?"

கணேசமூர்த்தியும் குனிந்து பார்த்தார். அது ஏன் என்று அவருக்குத் தெரியும்.

போன ஆயுத பூஜைக்கு பவானேஸ்வரி பானெட்டுக்கும் சக்கரங்களுக்கும் பொட்டு வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வண்டிக்கு அடியிலேயே நகர்ந்து போனாள். "பாரமெல்லாம் இதுதான தூக்குது. இதுக்கு யாரு பொட்டு வைக்கிறா?" பின்பக்க அச்சின் மேல் தலைபோல நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குமிழில் கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தாள். அவர் சிரித்தார். அவள் இறந்த பிறகு எத்தனையோ முறை மண்ணெண்ணெய் ஊற்றி அச்சைக் கழுவியிருக்கிறார். பிரஷ் அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகும்.

அந்தக் குமிழ்தான் அச்சுக்குக் காற்றுப் போக்கி. வண்டி ஓடிச் சூடேறினால் உள்ளே விரியும் காற்று அது வழியாக வெளியேற வேண்டும். அது அடைத்துக்கொண்டால், காற்று எண்ணெயைச் சீல் பக்கமாகத் தள்ளும். வேறு யார் வண்டியாக இருந்தாலும் அவர் முதலில் தொட்டுப் பார்க்கும் இடம்.

அட்டையில் மல்லாந்து உள்ளே போனார். தூசி ஏறிச் சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. அதில் அவள் விரல் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. குமிழைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை.

"என்னலா, தூங்கிட்டியா?" வெளியே ஹனிபாவின் செருப்புக் கால்கள் நகர்ந்தன.

"இல்ல பாய்."

திருப்புளியை எடுத்தார். இரண்டு முறை வைத்து, இரண்டு முறையும் எடுத்தார். மூன்றாவது முறை சுரண்டினார். சந்தனம் பெயர்ந்து அவர் சட்டையில் உதிர்ந்தது. குங்குமம் ஒட்டியிருந்த துண்டு ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளப் பார்த்தார். எண்ணெய்க் கையில் அது குழைந்து சேறாகிவிட்டது.

மதியம் மறுபடியும் மலாக்கா வரை ஓட்டினார். ஞாயிறு காலை புதிய அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஹனிபாவுக்குப் போன் போட்டு, விற்கவில்லை என்றார்.

"எங்கப்பா ஒழுகிச்சு?" என்றாள் தேவிஸ்ரீ.

"காத்துப் போற எடத்துல மண்ணு அடைச்சிருந்துச்சும்மா."

"இதுக்கா மூணு சீலு?" அவள் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. "அம்மா வச்ச பொட்டு இங்கதான இருந்துச்சு?"

"கழுவுனப்ப போயிருக்கும்."

அவள் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்லப்பா. அடுத்த வாரம் பூஜைக்கு அதே எடத்துல நான் வச்சிடுறேன்."

"அங்க வேணாம்!"

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அவர் குரல் உயர்ந்துவிட்டது. தேவிஸ்ரீ அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் துணியை எடுத்து, துடைத்து வைத்த திருப்புளியை மறுபடியும் துடைத்தார்.