டப்பாவுக்குள் நான்காவது ஆள்

கார் கதவுப் பூட்டை இழுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. இருங்காட்டுக்கோட்டையில், கார் கம்பெனிக்குப் பூட்டு செய்து கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலை. லைனில் வரும் ஒவ்வொன்றையும் பூட்டி, இழுத்து, திறந்து, மறுபடி பூட்டி, அப்புறம்தான் 'ஓகே' முத்திரை குத்துவேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவள் இருந்த அறையில்தான் இந்தக் கூத்து நடந்தது.

அந்த அறையில் நாங்கள் மூன்று பெண்கள். நான், மதுரைப் பக்கத்துக்காரி ஒருத்தி, கடைசியாக வந்து சேர்ந்த சின்னவள். சின்னவளும் என் லைன்தான். புருஷன் அடி தாங்காமல், ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவள் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் என்னோடு வந்துவிட்டாள். மாற்றுத் துணிகூட இல்லை. கைப்பையில் சாப்பாட்டு டப்பாவும், கம்பெனி பஸ்ஸில் படம் பார்க்க வைத்திருந்த வைஃபை டப்பாவும்தான் இருந்தன. சோப்புக்கட்டி அளவு இருக்கும், சிம் போட்டு எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். அவன் வாங்கிக் கொடுத்தது.

எங்கள் அறைக்குத் தகரக் கூரை. உள்ளே டவர் எடுக்காது. ஜன்னல் ஓரமாக அந்த டப்பாவை வைத்தால் மூன்று ஃபோனுக்கும் ஜம்மென்று நெட் வந்தது. "நகைய உட்டுட்டு வந்தா இன்னாடி, நல்ல பொருளத்தான் எடுத்தாந்துகீற" என்று நானே கிண்டல் செய்தேன். சிம்மை மாற்றினோம். டப்பாவின் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் அவன் வீட்டில் இருந்தது போலவே விட்டுவிட்டோம். ஃபோனில் அந்தப் பெயருக்குக் கீழே 'பலவீனமான பாதுகாப்பு' என்று பொடி எழுத்தில் வரும். அதை எவள் படித்தாள்?

டப்பாவில் ஒரு சின்னத் திரை உண்டு. எத்தனை ஃபோன் சேர்ந்திருக்கிறது என்று எண் காட்டும். ஒரு சாயங்காலம் மூன்று பேரும் அறையில் இருக்கிறோம், திரையில் நான்கு.

"பக்கத்து ரூமு பசங்க நம்ம நெட்ட சுடுறானுங்கடி" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னவள் தன் ஃபோனில், யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள். நான்காவது ஃபோனின் பெயர் 'கிங்'.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். "அவன்தாங்கா. அவன் ஃபோனுக்கு அவனே வச்சிக்கினு கீற பேரு. வந்துட்டான்."

மறுநாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு முனையில் இருக்கும் மொபைல் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, ஒரு தபா சேந்த ஃபோனு அந்தப் பேரத் தேடிக்கினே இருக்கும். கிட்ட வந்தா தானா போய் ஒட்டிக்கும். உங்கள எங்க தேடுறதுன்னு தெரியாம தெருத்தெருவா சுத்தியிருப்பாரு. டப்பாவே வூட்டக் காட்டிக் குடுத்துட்ச்சி."

பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்திருக்கிறோம். எனக்கு என் மேலேயே ஆத்திரம். கடைக்காரர் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் எண் மூன்றைத் தாண்டவில்லை. ஆனாலும் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சமைக்கும்போது திரையைப் பார்ப்பேன், தலை சீவும்போது பார்ப்பேன். "சும்மா கெட, அக்கா" என்று மதுரைக்காரி திட்டுவாள். சின்னவள் மட்டும் கொஞ்சம் தெளிந்துவிட்டாள். வல்லக்கோட்டை முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து, பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். திரையில் மறுபடி நான்கு. மறுபடி 'கிங்'.

கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கத்தினேன். அவர் நிதானமாக, "டப்பா வந்த அட்டைப்பெட்டி எங்க கீது?" என்றார்.

"அவன் வூட்லதான்" என்றாள் சின்னவள்.

"அதான் விஷயம். பொட்டி மேல கம்பெனிக்காரன் ஒரு நம்பர் அச்சடிச்சிருப்பான். இது பழைய மாடல். நீ பாஸ்வேர்ட எத்தினி தபா மாத்துனாலும் அந்த நம்பர் மாறாது. அதப் போட்டா கேள்வி கேக்காம உள்ள உட்டுடும். நான் முன்வாசலுக்குத்தான் பூட்டு போட்டேன், பின்வாசல் தொறந்துகினு கீறத நெனைக்கல. மன்னிச்சிக்கம்மா."

போன தடவை ஃபோன் தானாக ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை உட்கார்ந்து, யோசித்து, நம்பரைத் தேடிப் போட்டு உள்ளே வந்திருக்கிறான். "எவ்ளோ தூரத்துக்கு இது எடுக்கும்?" என்று கேட்டேன். நாலு வீடு தள்ளினால் எடுக்காது என்றார். அப்படியானால் நாலு வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறான்.

கதவைத் தாழிட்டேன். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தேன். டப்பாவை அணைக்கப் போனபோது சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காதக்கா. அணைச்சிட்டு எங்க போவேன்? இன்னொரு ரூமு, இன்னொரு கம்பெனியா? எத்தினி ஊரு ஓடுவேன்? எங்க குந்திக்கினு கீறான்னு பாக்கணும்."

டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் பொறுத்தோம். எண் மூன்றாக இறங்கியது. முன்பக்கம் வந்தாள். நான்கு. வலப்பக்க மூலைக்குப் போனால் மூன்று, இடப்பக்க ஜன்னலுக்கு வந்தால் நான்கு. நாங்கள் லைனில் பூட்டைச் சோதிப்பது போலவே சோதித்தாள். ஜன்னல் இடுக்கு வழியாகச் சின்னவள் அவனைக் காட்டினாள். எதிர்ச் சாரி டீக்கடை பெஞ்சில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாதி குடித்த டீ.

அவனைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய் எரிச்சல்தான் வந்தது. பெரிய ரவுடி கணக்காய் இருப்பான் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, சட்டைக் காலரில் கைக்குட்டை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் போல உட்கார்ந்திருந்தான்.

பின்வாசல் வழியாகப் போய் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா போலீசுக்குப் பேசிவிட்டு, "ஏய், எல்லாம் வெளிய வாங்கடி!" என்று ஒரு குரல் கொடுத்தார். வரிசை வீட்டுப் பெண்களுக்கு அன்று வார லீவு. தலையில் எண்ணெயோடு ஒருத்தி, கையில் துடைப்பத்தோடு ஒருத்தி என்று வந்து நின்றார்கள்.

சின்னவள் முன்னால் நடந்தாள். எங்களைக் கண்டதும் அவன் எழுந்துவிட்டான். "வூட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றான், இவ்வளவு பேரைப் பார்த்து இறங்கிப்போன குரலில்.

அவள் டப்பாவை அவன் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தாள். "இது உன்னுது. எடுத்துக்கினு போ. நான் உன்னுது இல்ல."

பிறகு போலீஸ் வந்தது, எழுதி வாங்கியது. எழுதிக் கொடுத்தவன் எல்லாம் திருந்திவிடுவான் என்று நம்ப நான் ஒன்றும் லூசு இல்லை. இன்றைக்கும் படுக்கும்முன் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன்.

ஆனால் எனக்குக் கண்ணுக்குள் நிற்பது அந்த பெஞ்சுதான். சின்னவள் அங்கேயே தன் ஃபோனை எடுத்து அந்த டப்பாவின் பெயரை அழித்தாள். திரையில் நான்கு மூன்றானது. நான் என் ஃபோனில் அழித்தேன். மதுரைக்காரியும் அழித்தாள். அவன் டப்பாவின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.