இரண்டு பக்கமும் தண்ணீர்: மொன்றியல் கப்பல் கால்வாய் அணையில் ஒரு சைக்கிள் பயணம்

நான் பயந்த ஆள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்தப் பாதையைப் பற்றி இணையத்தில் தேடினால் ‘மேடு பள்ளம் இல்லை, குடும்பத்தோடு போகலாம்’ என்றுதான் எல்லோரும் எழுதியிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் எழுபது வயதில், நீந்தத் தெரியாதவனுக்கு, அது வேறு பாதை. போன கோடையில் ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் அக்காவின் கணவரோடு போனேன். போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். போகவேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

பாதையை முதலில் விளக்கிவிடுகிறேன். செயின்ட் லோரன்ஸ் ஆற்றில் பெரிய கப்பல்கள் போவதற்கு, தென்கரையோரமாகத் தனியே ஒரு கால்வாய் உண்டு. ஆற்றையும் அந்தக் கால்வாயையும் பிரிப்பது ஒடுக்கமான ஓர் அணை. சைக்கிள் பாதை அந்த அணையின் மேல் போகிறது. மேற்கே நன்ஸ் தீவிலிருந்து வரும் இரண்டு கிலோமீற்றர் நீளப் பாலம் ஒன்றால் அணைக்கு ஏறலாம். இது குளிர்காலத்தில் பனிக்கட்டிகளைத் தடுக்கக் கட்டிய பாலம், கார்கள் இல்லை. அணையில் இடப்பக்கம் திரும்பினால் நொத்ர் டாம் தீவுவரை ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர். இடையில் ஊருக்குள் இறங்க வழி இல்லை. இந்த ஒரு வசனத்தை வரைபடத்தில் சிவப்பால் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகப் போகாமல் இருந்தேன்.

அத்தானுக்கு எழுபத்தைந்து. டவுன்டவுன் உணவகச் சமையலறைகளில் முப்பது வருடம் இரவு வேலை செய்தவர். என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவரும் அவர்தான். அவர் சொல்லி நான் மறுத்ததாக ஒன்றும் நினைவில் இல்லை. அந்தக் கிழமை அவரே போன் எடுத்தார்.

“உந்த அணை, அணை எண்டு ரெண்டு வருசமாய்க் கதைச்சுக்கொண்டு திரியிறீர். ஞாயிறு போவம்.”

“காத்துப் பாக்கவேணும் அத்தான்.”

“காத்து எங்கை போகப்போகுது? அது அங்கைதான் நிக்கும். நீர் வாரும்.”

காற்றுப் பார்த்தேன். மழை பார்த்தேன். பாலம் திருத்த வேலைக்காக மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மேலதிக ரியூப், காற்றடிக்கும் பம்பு, பஞ்சு, பிளாஸ்டர், ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் என்று எல்லாம் கட்டினேன். மனைவி இறந்தபிறகு என் வீட்டில் தமிழ்க் கலண்டர் தொங்குவதில்லை. அதை மட்டும் பார்க்கவில்லை.

காலை 7.40க்கு செயின்ட்-மிஷேலில் இருந்து புறப்பட்டோம். கிறிஸ்தோஃப்-கொலோம் வீதியின் சைக்கிள் பாதையால் தெற்கே போய், பெறி வீதி இறக்கத்தால் பழைய துறைமுகத்துக்கு வர ஐம்பது நிமிடம் எடுத்தது, பத்து கிலோமீற்றர். பெறி இறக்கத்தில் நான் இறங்கி உருட்டினேன். அத்தான் கீழே காத்து நின்றார். வழக்கத்தை விட அதிகமாக விபூதி பூசியிருந்தார். கைபிடியில் துவாயால் சுற்றிய ஏதோ ஒன்று ஒரு பையில் தொங்கியது.

லஷீன் கால்வாயோரம் நாலு கிலோமீற்றரில் அட்வாட்டர் சந்தை வரும். கழிவறை, இருக்கை, பேக்கரி எல்லாம் அங்கே உண்டு. இதற்குப் பிறகு அணை முடியும் வரை கடை இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பியும் ஒரு குறுவசான் பணிசும் வரியோடு ஏழு டொலர் அறுபது சதம். இரண்டு பேருக்கும் வாங்கத்தான் போனேன்.

“எனக்கு வேண்டாம். வயிறு ஒரு மாதிரிக் கிடக்கு,” என்றார் அத்தான். ஆகவே ஒன்று வாங்கி, அவர் முன்னால் இருந்து நானே தின்றேன்.

வெர்டன் கரையால் நன்ஸ் தீவுக்குள் போய்ப் பாலத்தடிக்கு வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. பாலம் நேராகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். கம்பி வேலி இடுப்புக்கு மேலே வரும். கீழே ஆறு வேகமாக ஓடுவது சில்லுக்குக் கீழேயே ஓடுவதுபோல இருக்கும். நான் முன்னால் போகிற அத்தானின் பின்சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் மணி அடித்து “பொன்ஜூர்” சொன்னபோது பதில் சொல்லக்கூடக் கைபிடியின் மேலிருந்த கவனத்தை எடுக்கவில்லை.

அணையில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. இடப்பக்கம் ஆறு, அதற்கப்பால் டவுன்டவுன் கட்டடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல. வலப்பக்கம் அசையாத பச்சைத் தண்ணீர். கால்வாயில் ஒரு சரக்குக் கப்பல் எங்களை விட மெதுவாக, எங்கள் தலைக்கு மேலே உயர்ந்து, சத்தமில்லாமல் போனது. அத்தானுக்கு அது பிடித்திருந்தது. நான் திரும்பவும் அவரது பின்சில்லைப் பார்த்தேன்.

இரண்டு கிலோமீற்றர் போனதும் ஆற்றுப்பக்கம் கற்கள் படிபோல இறங்குகிற இடத்தில் அவர் நிறுத்தினார். பையைத் திறந்தார். ஒரு சின்னச் செம்பு, கடதாசியில் மடித்த எள், தர்ப்பைப்புல். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக் கற்களில் இறங்கினார். விழுந்துவிடுவார் என்று நான் அவரது சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீரை மூன்று தரம் எடுத்து விட்டார்.

“இண்டைக்கு ஆடி அமாவாசை. உமக்கு நினைவில்லைத்தானே?” என்றார் மேலே வந்ததும். “அப்பாவுக்குச் செய்யவேணும். கோயிலிலை ஒரே சனம். இது கடலுக்குப் போற தண்ணி.”

தகப்பன் இல்லாத ஆண்கள் எங்கள் பக்கத்தில் அன்றைக்கு விரதம். மதியம் சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் வாயில் ஏதும் வைப்பார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அப்ப நீங்கள் காலமை சாப்பிடேல்லையோ?”

“விரதத்திலை என்னெண்டு சாப்பிடுறது?”

“குளிசை?”

“சீனிக் குளிசை போட்டனான். குளிசை சாப்பாடே? போடாட்டி உம்மடை அக்கா பெட்டியைத் திறந்து பாத்திட்டுக் கத்துவா.”

சீனியைக் குறைக்கும் சலரோகக் குளிசையைப் போட்டு, வெறுவயிற்றோடு, மூன்று மணி நேரம் சைக்கிள். திரும்பிப் போவதா முன்னால் போவதா என்று கணக்குப் பார்த்தேன். முன்னால் நாலு கிலோமீற்றர். பின்னால் பாலத்தோடு சேர்த்து அதே நாலு, அதற்குமேல் கடைக்கும் போகவேண்டும்.

“மெதுவாய்ப் போவம் அத்தான். வேண்டுமெண்டால் உருட்டுவம்.”

“நீர் உருட்டும். அக்கா விரதத்துக்குக் காத்தோட்டிக்காய்க் கறி வைச்சுக்கொண்டு நிப்பா.”

ஒரு கிலோமீற்றர்கூடப் போகவில்லை. அவரது சைக்கிள் இடப்பக்கமாக நெளிந்து புல்லுக்குள் போனது. விழவில்லை, இறங்கி உட்கார்ந்தார். சட்டை முழுக்க வேர்த்திருந்தது, ஆனால் கை குளிர். என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“ஐயா, அடுத்த பஸ் எத்தினை மணிக்கு?”

அந்தக் கேள்வியைப்போல் என் வாழ்நாளில் எதுவும் என்னைப் பயப்படுத்தியதில்லை.

அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் தண்ணீர் என்றேன். வீதியின் பெயர் கேட்டார்கள். போனைக் காதில் வைத்தபடியே ஓடினேன். நூறு மீற்றர் தள்ளி ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், என் வயதுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் அந்த நேரத்தில் மூன்று சொல்லாகிவிட்டது. “மிஸ்யூ, மலாட், சூக்ர்.” ஐயா, நோயாளி, சீனி.

அவர் என் கையில் இருந்த போனை வாங்கி, விக்டோரியா பாலத்துக்கு இந்தப் பக்கம் என்று இடத்தைச் சொல்லிக்கொண்டே குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தானின் முன்னால் வைத்துத் திறந்தார். பனிக்கட்டிமேல் நாலைந்து மீன். மீன்களுக்கு நடுவே ஒறேஞ்ச் சோடாப் போத்தல் ஒன்று. காற்சட்டையில் துடைத்து நீட்டினார்.

அத்தான் அதைப் பார்த்தார். பஸ் கேட்ட மனிதருக்கு அது மட்டும் தெளிவாக விளங்கியது.

“மீன் பெட்டி,” என்றார். “அப்பாவுக்கு... இண்டைக்கு ஏலாது.” பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார்.

“அத்தான், குடியுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.”

தலையைத் திருப்பினார். கண் மேலே செருகத் தொடங்கியது. நான் முழங்காலில் இருந்து அவரது நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பினேன். “வாயைத் துற,” என்றேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. “துற. இல்லாட்டி மூக்கைப் பொத்துவன்.”

கையை வீசினார், என் கண்ணாடி புல்லுக்குள் போனது. மீன்பிடிக்காரர் பின்னால் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டு, “சா வா, சா வா,” ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். புரை ஏறிவிடுமோ என்று ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தினேன். பாதி சட்டையில் போனது. மிச்சம் விழுங்கினார்.

பிறகு காத்திருந்தோம். கப்பல் ஒன்று போனது. முடிவில் அவர் சுற்றிப் பார்த்து, என்னைப் பார்த்து, உதட்டை நக்கினார்.

“மீன் மணக்குது,” என்றார்.

நான் அழுதேன். மீன்பிடிக்காரர் என் கண்ணாடியைத் தேடி எடுத்துத் தந்தார்.

தீவுப் பக்கமிருந்து அவசர வாகனம் வந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள். சீனி இன்னும் குறைவுதான், வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும் என்றார்கள். ஏறும்போது அத்தான் என் கையைப் பிடித்தார். “அக்காட்டைச் சொல்லாதையும். சில்லுக் காத்துப் போட்டுது எண்டு சொல்லும்.”

அவரது சைக்கிளை ஒரு அறிவிப்புப் பலகைக் கம்பத்தில் பூட்டிவிட்டு, மிச்சத் தூரத்தை நான் தனியே போனேன். நொத்ர் டாம் தீவிலிருந்து ழோன்-ட்ராப்போ மெட்ரோ கிட்ட. ஞாயிறுகளில் முதல் பெட்டியில் சைக்கிள் ஏற்றலாம். தீவில் பெரிய விழா நடக்கும் நாட்களில் விடமாட்டார்கள். மொன்றியலில் வசிக்கும் அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்கு, அட்டை எடுத்திருந்தால், பயணம் இலவசம். பெட்டியில் நின்றபடி சில்லுக் கதையைச் சொல்லிப் பழகினேன். நன்றாகத்தான் வந்தது. வைத்தியசாலைக்குப் போனால், அவர்கள் அறிவித்து அக்கா எனக்கு முன்பே வந்து நின்றார். அவரது முகத்தைக் கண்டதும், எள் தொடங்கி மீன் பெட்டி வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அக்கா கத்தவில்லை. “குளிசையை நான்தான் பெட்டியிலை போட்டு வைச்சனான்,” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இருட்டின பிறகுதான் அத்தானை வீட்டுக்கு விட்டார்கள். நான் விரதத்தை முறித்ததை அவர் மன்னித்தார் என்றுதான் நினைக்கிறேன். அக்காவிடம் சொன்னதை மன்னிக்கவில்லை. மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. அவரது சைக்கிளை எடுக்க மறுநாள் அணைக்குத் தனியே நடந்து போனேன். காற்றில்லாத நாள். பயம் மட்டும் குறையவில்லை.

போகிறவர்களுக்கு: மொத்தத் தூரம் மெட்ரோ வரை ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீற்றர், வயதானவர்களுக்கு நாலரை மணி நேரம் வையுங்கள். பாலமும் அணையும் குளிர்காலத்தில் மூடியிருக்கும், முதலில் விசாரியுங்கள். தென்மேற்குக் காற்று நாளைப் பாருங்கள், அது முதுகில் தள்ளும். அணையில் நிற்கும்போது கடைசியாகக் கடந்த பாலத்தின் பெயரை மனதில் வைத்திருங்கள். அவசரத்தில் அதுதான் உங்கள் விலாசம். பையில் உங்களுக்குப் பசிக்காவிட்டாலும் இனிப்பு வையுங்கள். கூட வருபவர் என்ன சாப்பிட்டார், என்ன குளிசை போட்டார் என்று, எவ்வளவு பெரியவராக இருந்தாலும், புறப்படும் முன் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அவர் பொய் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

செப்டெம்பரில் ஒரு வெள்ளி இரவு போன் வந்தது.

“ஞாயிறு காத்து எப்பிடி?” என்றார் அத்தான், நேற்றுத்தான் கதைத்ததுபோல.

“காத்துக் கிடக்கட்டும். சாப்பிட்டிட்டோ வருவியள்?”

“ஓம் ஓம்.”

“அக்காட்டை ஒருக்கால் போனைக் குடுங்கோ.”



“நீர் இப்ப பெரிய ஆள்,” என்றார். பிறகு அக்காவைக் கூப்பிடுவது கேட்டது.