மூன்று மணித்தியாலம் கழித்துக் கேட்ட முதல் கேள்வி

இன்று கொட்டாஞ்சேனையில் ஒரு கம்பனியில் புரோகிராமர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. வெள்ளவத்தையிலிருந்து போகும்போது இரண்டு தடவை ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள்.

பழைய விஷுவல் பேசிக் கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். “பட்டியலில் ஆள் இருந்து, And, முதல் ஆள் பெண்ணாக இருந்தால்” என்று ஒரே வரியில் எழுதினேன். ஜாவாவில் இதற்கு && போட்டால், முதல் பாதி பொய் என்றதும் அங்கேயே நின்றுவிடும். இதுவோ ஆளே இல்லாத பட்டியலிலும் முதல் ஆளைத் தேடிப்போய் எரர் காட்டியது.

தேர்வு நடத்தியவர் சிரித்தார்.

“தங்கச்சி, இது பழசு. முதலாவது இல்லையெண்டு தெரிஞ்சாலும் ரெண்டாவதையும் பாத்துத்தான் விடும்.”

முதலாவது சரியென்றால் மட்டும் இரண்டாவதைப் பார்க்கும்படி இரண்டு If ஆகப் பிரித்தேன், ஓடியது. பிறகு இன்னும் நாலு புரோகிராம் எழுத வைத்தார். “கெட்டிக்காரிதான்” என்றார்.

மூன்று மணித்தியாலம் கழித்துத்தான் என் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

“ஓ.எல். சோதனை எடுக்கேல்லையோ? அது கட்டாயம் வேணுமே!”

பத்தாம் வகுப்போடு நின்றதை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். “ஓம் சேர்” என்றுவிட்டு வந்தேன்.

அந்தக் கம்பனியே பழைய பேசிக்கில்தான் ஓடுகிறது போல.

யாருக்காவது புரோகிராமர் தேவையென்றால் எழுதுங்கள். ஓ.எல். வேண்டுமா என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.