ஏழாவது குழியருகே ஒரு கிணறு

முசியே பேசும்போது இடது கையை மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொள்வார். புறங்கைதான் மேடு, விரல்களுக்கு நடுவே பள்ளம். "பந்து இப்பிடி உருளும், இங்க வந்து நிக்கும்" என்று வலது கை விரலால் காட்டுவார். ஒலிப்பதிவுக் கருவிக்குக் கண் கிடையாதே என்று நான் தவிப்பேன். "முசியே, வாயால சொல்லுங்க" என்று நாளுக்குப் பத்து முறையாவது கெஞ்சியிருப்பேன்.

முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா; அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் கோல்ஃப் மைதானங்களை வடிவமைத்தவர். புதுச்சேரியில் பிறந்து, பிரான்சில் ஒரு நிறுவனத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து, மனைவி இறந்தபின் மகளோடு ஊர் திரும்பியவர். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், வெளிநாட்டில் சிலர் அப்படிப்பட்ட பழைய வடிவமைப்பாளர்களின் பேச்சைப் பதிவுசெய்து சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வரைபடங்கள் பத்திரமாக இருக்கின்றனவாம். ஒரு மேடு ஏன் அந்த இடத்தில் எழுந்தது என்பதுதான் அவற்றில் இல்லையாம். வயதான பிறகு முசியேவுக்குத் தமிழில்தான் பேச்சு தடையில்லாமல் வந்தது. அதனால் அந்த வேலை எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு வந்து, அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகும் என் தலையில் விழுந்தது. கோல்ஃப் மட்டையை நான் தொட்டதுகூட இல்லை.

மூன்றாம் நாள் ஒரு கிணற்றைப் பற்றிச் சொன்னார். எங்கோ ஒரு வெயில் நாடு. ஏழாவது குழிக்குப் போகும் புல்வெளியின் நடுவே, பக்கத்துக் கிராமத்தார் தண்ணீர் எடுக்கும் கிணறு. மூடச் சொன்னாராம் மேலதிகாரி. இவர் மறுத்து, புல்வெளியையே வளைத்து வரைந்தாராம். அந்த வளைவைத்தான் ஆட வருபவர்கள் இன்றும் புகழ்கிறார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் கணவரிடமும் சொன்னேன்.

ஐந்தாம் நாள், நான் கேட்காமலே, "அந்தக் கிணத்த மூடினப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு பொம்பள குடத்தோட வந்து பாத்துட்டுத் திரும்பிப் போச்சு" என்றார்.

"முந்தாநாள் மூடலைன்னீங்களே, முசியே?"

"அப்பிடியா சொன்னேன்?" வெகுநேரம் பேசவில்லை. "அப்ப அத அழிச்சிடும்மா." பிறகு, "வேணாம். எத அழிக்கணும்னு எனக்கே தெரியல."

அடுத்த மாதம் மாரடைப்பில் போய்விட்டார். நான் தட்டச்சில் பாதிதான் முடித்திருந்தேன். பதிவின்போது உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த மகள் அலுவலகத்துக்கே வந்தார்.

"அக்கா, மொதல்ல சொன்னத மட்டும் அனுப்புங்க. அப்பா கடைசில கொழம்பிட்டாரு. எந்த மைதானத்துலயும் அவரு பேரு கெடையாது. அந்த வளைவு ஒண்ணுதான் அவரோடது. அதையும் புடுங்கிடாதீங்க."

இரண்டு நாள் என் விரல் ஓடவில்லை. கிணற்றை மூடியிருந்தால் வளைவு எதற்கு? வளைத்து வரைந்த பிறகும் மூடியிருப்பார்களோ? அந்தக் குடத்துக்காரியை அவர் நிஜமாகவே பார்த்தாரா, இல்லை, பார்த்துவிடுவோமோ என்று பயந்துகொண்டே இருந்தாரா? ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் இரண்டையும் அவர் சொன்ன வரிசையிலேயே அனுப்பினேன். மகளிடமும் சொல்லிவிட்டேன். அதன்பின் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். வெளிநாட்டிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. வளைவுக்குக் காரணம் இப்போதுதான் தெரிந்தது என்று எழுதியிருந்தார்கள். எந்தக் காரணம் என்று எழுதவில்லை. நான் செய்தது நியாயமா, பிடிவாதமா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

போன வருடம் அந்த மகள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. "அப்பா கொரல் உங்ககிட்ட இருக்குதாக்கா?" என்றார். என்னிடம் பிரதி இருந்தது. ஐந்தாம் நாளைத்தான் கேட்டார்.

தட்டச்சில் நான் 'பேசவில்லை' என்று ஒரே சொல்லில் முடித்திருந்த இடம், பதிவில் ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டது. தெருவில் மீன்காரியின் கூவல். அதற்குள் முசியேவின் மூச்சு. ஏதோ சொல்ல எடுத்து, சொல்லாமல் விட்ட ஒரு தொண்டைச் சத்தம்.

"மூடினாங்களா, இல்லியாக்கா?"

"தெரியலம்மா."

தலையை ஆட்டிக்கொண்டார். "அவரு பேசாம இருக்கிற எடத்த மட்டும் இன்னொரு தரம் போடுங்க" என்றார்.

போட்டேன்.