'கதோ' என்று எழுதிய பார்சல்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். புதுச்சேரி நெல்லித்தோப்பில் வீட்டிலிருந்தபடியே குழந்தைகளுக்குப் பூவேலை செய்த கவுன் தைத்து, இன்டர்நெட்டில் விற்கத் தொடங்கியிருந்தேன். பிரான்சிலிருந்து ஒரு பெண்மணி, தன் மகளின் ஞானஸ்நானத்துக்கு வெள்ளை கவுன் கேட்டு, பணமும் கட்டிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த முதல் ஆர்டர்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

தபால் நிலையத்தில் சுங்கப் படிவத்தை நீட்டிய ஊழியர், "விக்கறதாம்மா, சும்மா அனுப்பறதா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. பார்சல் என்றாலே 'கதோ' என்று எழுதித்தான் பழக்கம். பிரெஞ்சில் பரிசு என்று அர்த்தம். அங்கே இருக்கும் என் நாத்தனாருக்குப் புடவை அனுப்பினாலும் அதுதான். ஊழியர் கேட்டதைக் காதில் வாங்காமல் நானும் 'கதோ' என்றே எழுதினேன். பரிசு என்றால் ஆர்டர் கொடுத்த அம்மாவுக்கு வரி மிச்சமாகுமே என்ற பெரிய மனசு வேறு! உள்ளே விற்பனை ரசீதையும் ஒழுங்காக வைத்திருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல?

ஞானஸ்நானத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்தப் பெண்மணியிடமிருந்து மெயில் வந்தது. வெளியே பரிசு, உள்ளே ரசீது என்று இருந்ததால் சுங்கத்தில் பார்சலை நிறுத்திவிட்டார்களாம். அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிறார்களாம். பிரவுசிங் சென்டரில் அந்த மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிள்ளைக்கு உடுப்பு போய்ச் சேருமா? நான் எழுதியதற்கு அவர் மேல் வழக்கு ஏதும் வருமா?

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னால், "எல்லாரும் எழுதறதுதானே, இதுல இன்னா தப்பு?" என்றார்.

வந்த கோபத்தில், "உங்க தங்கச்சிக்குப் புடவையைக் காசு வாங்கிக்கிட்டா அனுப்பறோம்?" என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

இது விற்பனைதான், விலை இவ்வளவு, தவறு முழுக்க என்னுடையது, வாங்கியவருக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அன்றே அந்தச் சுங்க அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட அந்தப் பிள்ளை நினைப்புதான்.

வரி வாங்கிக்கொண்டு பார்சலை விட்டார்கள். ஆனால் அது அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஞானஸ்நானம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பிள்ளைக்கு இரவல் உடுப்பு போட்டுத்தான் கோயிலுக்குக் கொண்டுபோனார்களாம். பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதினேன். வேண்டாம் என்று பதில் போட்டவர், கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "'உங்களுக்குப் பரிசு அனுப்பிய இந்தத் தோழி யார்?' என்று சுங்கத்தில் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை."

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். முகம் தெரியாத என்னை நம்பிப் பணம் கட்டியவரை, என் பொய்க்குப் பதில் சொல்ல நிற்க வைத்துவிட்டேனே என்ற கூச்சம், இத்தனை வருடமாகியும் என்னை விட்டுப் போகவில்லை.