மகளோடு நானும் வகுப்புக்குப் போனேன்

அந்த வருடம் என் மகளுக்குப் பதினைந்து வயது. இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம். திடீரென்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். திடீரென்று என்று நான்தான் சொல்கிறேன். அவளைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டாள். சின்ன வார்த்தைக்கும் வீடு பற்றிக்கொள்ளும். தட்டு பறக்கும், பிறகு மணிக்கணக்கில் அழுகை. ஒருமுறை தன்னையே காயப்படுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டாக்டர், தனியாக ஆலோசகரைப் பார்க்கச் சொன்னதோடு ஒரு குழு வகுப்புக்கும் போகச் சொன்னார். பதின்ம வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து, பொங்கி வரும் உணர்ச்சியைச் சமாளிக்கப் பழகும் வகுப்பு. டிபிடி என்று மூன்று எழுத்தில் சொன்னார்கள்.

“பெத்தவங்க ஒருத்தராச்சும் கூட வரணுமாம். எனக்கு சனிக்கிழமை டியூட்டி, நீங்கதான் போகணும்,” என்றாள் மனைவி. அவள் தனியார் மருத்துவமனையில் தாதி. நான் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போய், பொழுது சாயும்போது திரும்புகிறவன். சனிக்கிழமை ஒன்றுதான் எனக்குத் தூக்கம். அந்தத் தூக்கம் போகிறதே என்ற கடுப்போடுதான் முதல் நாள் போனேன்.

ஸ்கூடாயில் கடைவரிசை ஒன்றின் மேல்மாடி. கீழே டயர் கடை. மேலே வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு சீனத் தாயும் மகனும், ஒரு மலாய்த் தம்பதியும் அவர்கள் மகளும், ரெங்கத்திலிருந்து வண்டி ஓட்டி வந்த ஒரு தமிழ் அம்மாவும் அவர் பையனும். பிறகு நாங்கள் இருவர். நடத்தியவர் பொந்தியான்காரர், சிலோன் தமிழ்க் குடும்பம். நடுத்தர வயதுப் பெண்மணி. ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் அவர் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வரும். நாங்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம்.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் ஒரு பெரிய கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். நிறையத் தண்ணீர், ஐஸ் கட்டிகள். “கோவம் தலைக்கேறுன அப்புறம் புத்திமதி உள்ள போகாது. முதல்ல உடம்பை அடக்கணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, முகத்தை இதுல வைக்கணும். கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடப்பு இறங்கும். இருதயக் கோளாறு இருக்கறவங்க மட்டும் வேணாம். பெரியவங்கள்ல யாரு முதல்ல?”

ரெங்கத்து அம்மா என்னைப் பார்த்து, “அண்ணே, நீங்க போங்கண்ணே. உங்களப் பாத்தா பயப்படாத ஆள் மாதிரி இருக்கு,” என்றார்.

அந்தப் பேச்சுக்கு மேல் எப்படி உட்கார்ந்திருப்பது? போனேன். குனிந்து முகத்தை உள்ளே விட்டேன். கன்னமெல்லாம் ஊசி குத்தியது. முடியாது என்று நினைத்த நேரத்தில் எங்கிருந்தோ ஓர் அமைதி வந்தது. காதில் டயர் கடையின் காற்றடிக்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. நிமிர்ந்தபோது மீசையிலிருந்து தண்ணீர் சட்டையெல்லாம் வழிய, “அலமாக்!” என்று கத்திவிட்டேன். அறையே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, பல் தெரியச் சிரித்தாள்.

அந்த நிமிடத்தோடு என் கடுப்பு போயிற்று. வாரம் முழுக்க சனிக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். நான் இயந்திரக்காரன். இத்தனை நாள் எனக்குத் தெரியாதது ஒன்றுதான்: இந்தப் பிள்ளையின் கோபத்தில் எந்த இடத்தைத் தொடுவது? இப்போது யாரோ மூடியைத் திறந்து உள்ளே காட்டுகிறார்கள். ஓர் ஆத்திரம் எங்கே தொடங்குகிறது, எதன்மேல் ஏறுகிறது, எந்தக் கட்டத்தில் கை வைத்தால் நிற்கும் என்றெல்லாம் படம் போட்டுச் சொன்னார் டீச்சர். பாலத்து நெரிசலில் மோட்டாரில் நிற்கும்போது அதையே யோசித்துக்கொண்டிருப்பேன். வேலையிடத்தில் சூப்பர்வைசர் கத்தும்போது, இவர் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மனைவிக்கு நடித்துக் காட்டுவேன்.

ஒரு சனிக்கிழமை, எதிராளியின் உணர்வை ஏற்றுப் பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். அவர்கள் சொல்வதை ஒத்துக்கொள்ளத் தேவையில்லை, அந்த உணர்வு இருக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொண்டால் போதும். நான் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். மகள் முகம் சுளித்தால், “உனக்கு இப்ப எரிச்சலா இருக்கு. அது நியாயம்தான்.” சோறு வேண்டாம் என்றால், “உனக்குச் சாப்பிடப் பிடிக்கல. அது நியாயம்தான்.” நான்காவதோ ஐந்தாவதோ தடவை அவள் கரண்டியை வைத்துவிட்டு, “அப்பா, ரோபோ மாதிரி பேசாதீங்க லா!” என்றாள். அடுத்த வாரம் அதை வகுப்பில் போட்டுக்கொடுத்தும் விட்டாள். டீச்சர் சிரித்து, “புரிஞ்சாத்தான் சொல்லணும் சார். புரியலைன்னா கேக்கணும்,” என்றார்.

இன்னொரு பாடம் என்னைத் துள்ள வைத்தது. எதிரெதிரான இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம் என்ற பாடம். பிள்ளை முடிந்தவரை முயல்கிறாள் என்பது உண்மை. இன்னும் முயல வேண்டும் என்பதும் உண்மை. “அதனால வீட்ல ‘ஆனா’ங்கற வார்த்தையைக் கொறைங்க. ‘உன்னப் புடிக்கும், ஆனா’ன்னு சொன்னா, முன்னாடி சொன்னது அழிஞ்சு போகுது,” என்றார் டீச்சர். ஆங்கிலத்தில் அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ரெங்கத்து அம்மா கையைத் தூக்கினார்.

“டீச்சர், நம்ம தமிழ்ல ‘உம்’ போட்டாப் போதுமே. கோவமும் இருக்கு, பாசமும் இருக்கு.”

டீச்சர் பலகையில் பெரிதாக ‘உம்’ என்று எழுதினார். மலாய்க்காரத் தகப்பனார்கூட வாய்க்குள் “உம், உம்” என்று சொல்லிப் பார்த்தார். எனக்கோ சொந்த வீட்டுக்குள்ளேயே புதையல் எடுத்ததுபோல் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் ரோட்டு நெரிசலில் நானும் மகளும் ‘உம்’ போட்டே பேசினோம். “பசியும் எடுக்குது, தூக்கமும் வருது.” “ஜேமும் இருக்கு, அப்பா பாட்டும் பாடுறார்.”

இப்படியெல்லாம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த மகள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. “சரிம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் செய்தியைப் போட்டேன். பூவும் கைகூப்பலும் வரிசையாகச் சேர்த்தேன். வாழ்த்துகள் கொட்டின.

மறுநாள் வகுப்புக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல், மழை வேறு. போன் அடித்தது. குளுவாங்கில் இருக்கும் என் அக்காள். மகள்தான் பட்டனை அழுத்தினாள். காரின் ஒலிபெருக்கியில் அக்காளின் குரல் முழங்கியது: “என்ன மருமகளே, திங்கக்கிழம ஸ்கூலுக்குப் போறியாமே! உங்கப்பன் குரூப்ல போட்டிருக்கான், எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்டி கண்ணு!”

மகள் போனை வைத்தாள்.

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?”

“சந்தோஷத்துல சொல்லிட்டேன்மா.”

“இப்ப நான் போகலைன்னா? போயிட்டுப் பாதியில வந்துட்டா? எல்லாரும் கேப்பாங்க! உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?” குரல் ஏறிக்கொண்டே போனது. “நான் போக மாட்டேன். வண்டிய நிறுத்துங்க. நான் எறங்கறேன்!” கதவுப் பிடியில் கை போய்விட்டது.

எனக்கும் காது சூடாயிற்று. உனக்காகத்தானே தூக்கத்தை விட்டு இந்த ஜேமில் கிடக்கிறேன் என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வந்ததை நான் பார்த்தேன். சொல்லிவிடுமுன் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கதவுப் பூட்டை அழுத்தினேன். “நிறுத்துறேன்மா. ஓரமா போய் நிறுத்துறேன்,” என்று இடது பக்கம் இருந்த பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் வண்டியை விட்டேன்.

நிறுத்தியதும் நேராக உள்ளே போய் ஒரு பை ஐஸ் வாங்கினேன். கிண்ணத்துக்கு எங்கே போவது? காரின் முன்பக்கம் நின்று, பையை அப்படியே முகத்தில் அமுக்கிக்கொண்டேன். பெட்ரோல் ஊற்றும் மலாய்ப் பையன் ஓடி வந்தான். “பாங், ஓகே கே?” சரியாகத்தான் இருக்கிறேன் என்று தலையை ஆட்டினேன். மூன்று கார்களில் இருந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஓடிவிடப் போகிறாளோ என்று பயந்தேன். செருப்புச் சத்தம் என் பக்கமாகத்தான் வந்தது.

“அப்பா, தப்பா செய்றீங்க. குனியணும். மூச்சைப் பிடிக்கணும்.”

குனிந்தேன். மூச்சைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் பையை என் கையிலிருந்து வாங்கி, தானும் குனிந்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் ஏறி இறங்குவது மெல்ல மெல்லக் குறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் நிமிர்ந்ததும், “அது உன்னோட சேதி. நீ சொல்ல வேண்டியத நான் முந்திக்கிட்டுச் சொல்லிட்டேன். இப்ப எல்லாரும் உன்னையே பாத்துக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கா?” என்று கேட்டேன்.

“ம்.”

“என்ன செஞ்சா கொஞ்சம் லேசாகும்?”

யோசித்தாள். “குரூப்ல இனிமே யாரும் கேக்கக் கூடாதுன்னு போடுங்க. அத்தைக்கு நானே பேசிக்கறேன்.”

அங்கேயே நின்று, அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து அனுப்பினேன். அனுப்பி முடித்ததும் அவள் ஈர முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “பயமாவும் இருக்கு. போகவும் போறேன்,” என்றாள்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்தப் பெட்ரோல் பையனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. “சரிம்மா,” என்றேன்.

வகுப்புக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். காரணம் கேட்டதும் என் மகள் எழுந்து நின்று, முழுக் கதையையும் நடித்துக் காட்டினாள். அத்தையின் குரல், நான் ஐஸ் பையோடு நின்ற கோலம், பெட்ரோல் பையனின் முழி எல்லாம் வந்தன. சீனத் தாய்க்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. டீச்சர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, திங்கட்கிழமைக்கு என்ன திட்டம் என்று அவளிடம் கேட்டார். எந்த வாசலில் இறங்குவது, முடியாமல் போனால் எந்த ஆசிரியரிடம் போவது, யாரைக் கூப்பிடுவது என்று எல்லாரும் சேர்ந்து பேசினோம். ரெங்கத்துப் பையன், அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவன், “ரெஹாட் விடுற இடைவேளை நேரம்தான் கஷ்டம். லைப்ரரிக்குப் போயிடு,” என்றான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பிறகும் கதவு சாத்தப்பட்ட நாட்கள் உண்டு. வகுப்பு முடிந்ததும் அதையே முதலிலிருந்து இன்னொரு சுற்று படித்தோம். மனைவியும் டியூட்டியை மாற்றிக்கொண்டு சேர்ந்துகொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமையைத்தான் சொல்ல வேண்டும். தொழிற்சாலைக்குள் போனைத் தொட முடியாது. இயந்திரத்தைக் கழற்றி மாட்டினாலும் மனம் பள்ளிவாசலில்தான் நின்றது. சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்தேன். மனைவியிடமிருந்து ஒரே வரி: “இன்னும் கூப்பிடல.” கூப்பிடவில்லை என்றால் உள்ளே இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மாலையில் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தேன். அவள் சீருடையைக்கூட மாற்றாமல் கூடத்தில் நின்றிருந்தாள். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவளே ஆரம்பித்தாள். புதுக் கணக்கு டீச்சர் ரொம்ப வேகமாகப் பேசுகிறாராம். கேன்டீனில் நாசி லெமாக் சோற்றோடு இப்போது முட்டை வைப்பதில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறதாம், இவளுக்கு ஒன்று தருகிறாளாம். நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். தலைக்கவசத்தைக் கழற்றினால் எங்கே பேச்சு நின்றுவிடுமோ என்று, அதை மாட்டியபடியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.